கரை என்று கேட்டார்கள்

விண்ணெனும் தாளை விரித்தவன் வாழி;
மண்ணெனும் மையைக் குழைத்தவன் வாழி;
கண்ணெனும் கதிரைக் கொடுத்தவன்,
எண்ணுவார் எழுத்தாய் இருப்பவன் கழலே.

ஆனித் திங்கள் உத்திர நாளாகிய இன்று கூத்தப் பெருமானுக்குத் திருமஞ்சனம். ஒடுகத்தூரில் எங்கள் தெருக்கோடிச் சிவாலயத்தில் விடியற்காலை நடந்த நீராட்டைக் கண்டேன். பாலும் பன்னீரும் வழிந்த அத்திருமேனியைக் கண்ணிலிருந்து இறக்க மனமின்றி வீடு திரும்பி, ஈரம் உலராத கையோடு எழுதுகோலை எடுத்திருக்கிறேன். ஆடலும் பாடலும் வரைதலும் அவனுடைய விளையாட்டே என்று நம்பி வாழ்ந்தவன் நான். ஆகவே, சவ்வாது மலைமேல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியையை இந்நன்னாளில் நன்றியோடு நினைப்பதும் வழிபாட்டில் சேரும் என்றே கருதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார், கோபித்தபின் ஒரு வாரம் என்னைப் பேர் சொல்லாமல் 'தமிழ் டிபார்ட்மெண்ட்' என்றே அழைப்பார்.

அவரை நினைக்கும்போது முதலில் எழுவது ஒரு மழைக்காட்சி. எங்கள் பள்ளிக்கு எதிரே பேருந்து நிற்கும் இடத்தில் நிழற்குடை கிடையாது. ஆடிச் சாரல் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வேலூர்ப் பேருந்திலிருந்து அவர் இறங்கினார். கக்கத்தில் ஒரு சுருள் வரைதாள். கையில் ஒரு குடை. அந்தக் குடை அவர் தலைக்கு மேல் இல்லை. குழந்தைக்குப் பிடிப்பதுபோல் அதைச் சாய்த்து, சுருளின் மேல் பிடித்தபடி, தாம் முழுவதும் நனைந்து, பள்ளி வாயில்வரை மெல்ல நடந்து வந்தார். வாயிலில் நின்றிருந்த நான், இப்படி நனைகிறீர்களே அம்மா என்றேன். அவர் தலையைத் துவட்டக்கூட நில்லாமல், "நான் காஞ்சிடுவேன் ஐயா. பேப்பரு காயாது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். பல்லாண்டுக்காலம் வகுப்பறையில் நின்ற நான், ஒரு பாடப்பொருளின் மேல் இத்தனை பரிவு கொண்ட ஒருவரை அதற்கு முன் கண்டதில்லை.

அமிர்தியை அடுத்த அடிவாரச் சிற்றூர் அவருடையது. கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் நூல்போன்ற சங்கிலியில் சிறு சிலுவை அணிந்திருப்பார். பகுதிநேர ஆசிரியை என்பதால் வாரத்தில் சில நாள் மட்டுமே மலையேறி வருவார். நானோ மலைமேலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, விடியலில் பதிகம் ஓதி, நெற்றி நிறைய நீறு பூசி, மாணவர்களுக்குத் 'தமிழய்யா'வாக விளங்கியவன். எங்கள் இருவருக்கும் நட்பு உண்டானது ஒரு சண்டையில்தான். ஓவியப் பாடவேளை என்பது எல்லாப் பள்ளிகளிலும் பிற ஆசிரியர் கடன் வாங்கும் பாடவேளை. பத்தாம் வகுப்புக்குச் செய்யுள் பகுதி முடியவில்லை என்று நானும் ஒருநாள் அதை வாங்கினேன். வாங்கியதற்குச் சமாதானமாக, பழந்தமிழில் எழுதுதல் என்னும் சொல்லே வரைதலையும் குறிக்கும், ஆகையால் நீங்களும் நானும் செய்வது ஒரே தொழில் என்று பெருமையோடு விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டும் ஒரே வேலைதான்னா, நாளைக்கி உங்க பீரியட எனக்குக் குடுத்துடுங்க ஐயா" என்றார். மறுநாள் கொடுத்தேன். அன்று முதல் அவருடைய பாடவேளையை நான் தொட்டதில்லை. பிறர் தொடவும் விட்டதில்லை.

எங்கள் இரு வகுப்பறைகளுக்கும் இடையிலிருந்த சுவர் கூரைவரை எழும்பாத சுவர். அதன் மேலாக அவர் குரல் எனக்கு ஓயாமல் கேட்கும். செம்பையும் எலுமிச்சம்பழத்தையும் மேசைமேல் வைத்து ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது என்று பார்க்கச் சொல்வார். ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது வடிவமைப்பில். புளியிலை ஒன்றைப் பறித்து வரச் சொல்வார். அதை வரைந்து, திருப்பி வரைந்து, கவிழ்த்து வரைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் அந்தச் சின்ன இலை ஒரு நீண்ட அணியாக மாறும் வித்தையைக் காட்டுவார். சாமைக் கதிரும் நெல்லிக்காயும் கடுக்காயும் அவ்வாறே அவர் கையில் வரிசை பிடித்து நின்றன. இவற்றையெல்லாம் அவர் கற்பித்த மொழி, அவர் கற்ற மொழி: மோட்டிஃப், ரிபீட், பார்டர். மீண்டும் மீண்டும் வரும் அந்த ஒற்றை வடிவத்துக்கு, மோட்டிஃபுக்கு, தமிழ் உண்டா என்று என்னிடம் கேட்டார். ஒருநாள் முழுதும் எண்ணிப்பார்த்து, 'உரு' என்று சொன்னேன். "உருன்னா புள்ளைங்க பயந்துக்கும் ஐயா, சாமி வந்த மாதிரி" என்று சிரித்து மறுத்துவிட்டார்.

வண்ணம் குழைக்கத் தட்டுகள் இல்லாமையால் மதிய உணவுத் தட்டுகளே அதற்கும் பயன்பட்டன. கழுவித்தான் திருப்பித் தருவார்கள் என்றாலும், ஏதேனும் ஒரு தட்டின் விளிம்பில் சாயம் ஒட்டியிருக்கும். சத்துணவுக்கூடத்துச் சமையலர் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று, "இன்னா டீச்சர், இன்னிக்கி சாம்பாரு நீலமா கீது?" என்பார். "உப்பு கரெக்டா இருக்குதான்னு பாத்துச் சொல்லுக்கா" என்று இவர் பதில் சொல்வார். இந்தப் பேச்சு மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கும். இருவருக்கும் அது சலித்ததே இல்லை.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் மலைக்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள். பள்ளியிலிருந்து அரைமணி நடையில் ஓடையோரமாக அவர்கள் வீடு. தந்தை சாமையும் கேழ்வரகும் விளைவிப்பவர். புளிய மரங்கள் சில உண்டு. அக்காள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தாள். இந்தப் பெண் பேச்சு குறைந்தவள். ஆனால் கேள்வி கேட்க அஞ்சாதவள். பக்திச் செய்யுள் நடத்துகையில், பிறவியாகிய கடலை நீந்திக் கரையேறுதல் என்பதை நான் சற்று உருகியே விளக்குவது வழக்கம். அன்றும் உருகினேன். அவள் எழுந்து, "ஐயா, அந்தக் கரையில மரமெல்லாம் இருக்குமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறியவர் எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை, உனக்குத் தோன்றுகிறபடி எண்ணிக்கொள் என்று சொல்லி உட்கார வைத்தேன். அவளுடைய கையை முதலில் கண்டுகொண்டவர் ஓவிய ஆசிரியைதான். அரசு நடத்தும் ஓவியத் தேர்வில் தேறி, மேல்நிலைக் கல்வியையும் முடித்தால் அவள் கவின்கலைக் கல்லூரிக்கே போகலாம் என்று எனக்குச் சொன்னார். அவள் தந்தையையும் பள்ளிக்கு வரவழைத்துச் சொன்னார்.

வந்தவர் ஆசிரியர் அறையில் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, மகள் வரைந்த அணிவரிசைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவரிடம் ஏளனம் சிறிதும் இல்லை. பார்த்து முடித்தபின் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனுக்கு இதெல்லாம் கோலம் மாதிரிதான் தெரியிது டீச்சரம்மா. நல்லாருக்குதா இல்லியான்னு சொல்றதுக்கு நான் யாரு? நீங்களும் எங்க கொழந்த மேல பாசத்துல சொல்றீங்க. இவ யாருன்னே தெரியாதவங்க, வெளிய இருக்கறவங்க பாத்து நல்லாருக்குதுன்னு சொல்லட்டும். படிக்க வைக்கிறேன். இல்லன்னா பத்தாவது முடிச்சிட்டு அவங்க அக்காகூட திருப்பூருக்குப் போவட்டும்." அதில் குறைசொல்ல எங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. தம் கண்ணை நம்பாதவர், பாசத்தையும் நம்பாதவர், அயலார் தீர்ப்பை ஏற்க ஆயத்தமாக நிற்கும்போது வேறென்ன கேட்பது? ஆக, அந்தப் பெண்ணின் மேற்படிப்பு முழுவதும் ஓவியத் தேர்வு என்னும் ஒரே கொடியில் தொங்கியது.

தேர்வு வேலூரில் ஒரு பள்ளியில் நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து அந்தப் பெண்ணும் இரண்டு மாணவர்களும் எழுதினார்கள். துணையாக நாங்கள் இருவரும் சென்றோம். முந்தைய தாள்களில் அவளுக்குக் கவலை எதுவும் இல்லை. அன்று வடிவமைப்புத் தாள். அவள் நன்றாகச் செய்வாள் என்று நாங்கள் உறுதியாக எண்ணியிருந்த தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஓவிய ஆசிரியை செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்; நான் ஐந்தெழுத்தை உருவேற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு திசையிலிருந்தும் காவல் போட்டாயிற்று என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மணி அடித்ததும் அவள்தான் முதலில் வெளியே வந்தாள். முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. நேரே என்னிடம் வந்து, "ஐயா, உங்க கரைதான் வந்துச்சி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. வினாவை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். பூவும் இலையும் அமையுமாறு, கொடுக்கப்பட்ட நீண்ட செவ்வகத்துக்குள் கரை ஒன்றை வடிவமைத்து வண்ணம் தீட்டுக. ஓவிய ஆசிரியையின் கையில் மாலை நின்றுவிட்டது.

"பார்டர்தான போட்ட?" என்றார்.

"பார்டர் கேக்கல டீச்சர். கரைன்னுதான் கேட்டாங்க. எங்க ஓடக்கரைய போட்டுட்டேன்."

அதற்குள் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் ஆரணியில் நெசவுசெய்யும் தாய்மாமன் வீட்டில் சிலகாலம் வளர்ந்தவன். அவன்தான் கேலியாகச் சொன்னான்: "அது பொடவக் கர. ஓரத்துல வருமே, அது. இவ ஆத்தங்கரைக்குப் போய் குளிச்சிட்டு வந்துட்டா." கேட்டவள் முதலில் அவனைப் பார்த்தாள், பின் தன் ஆசிரியையைப் பார்த்தாள். அந்த முகத்தில் விடை எழுதியிருந்தது.

யாரைக் குறைசொல்வது? வினா எழுதியவர் நல்ல தமிழில், சரியான சொல்லில் கேட்டிருக்கிறார். புடவையின் விளிம்பைக் கரை என்று சொல்லும் வழக்கம் நெசவுக்கூடத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் வேலூர்க் கடைகளில் புடவை எடுக்கும் பெண்கள் பார்டர் என்றே கேட்கிறார்கள். மலைச்சந்தைக்குச் சேலை கொண்டுவரும் வியாபாரியும் பார்டர் என்றே விரித்துக் காட்டுகிறார். அந்தப் பெண்ணுக்குக் கரை என்றால் வீட்டின் பின்னே ஓடும் ஓடையின் கரை. அதை விட்டால் என் செய்யுளில் வந்த கரை. பூவும் இலையும் இருக்கவேண்டும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஐயம் எழ இடமே இல்லை.

திரும்பி வரும் பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்து முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். ஆசிரியை அருகில் அமர்ந்திருந்தார். தேற்றவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அமிர்திக்கு அப்பால் தம் ஊரில் இறங்கும்போது மட்டும் என் இருக்கையருகே நின்று, "நாளைக்கி ஞாயித்துக்கெழம. பூச முடிச்சிட்டு மொத பஸ்ஸுல வர்றேன் ஐயா. அவங்க வூட்டுக்குப் போவணும், நீங்களும் வரணும்" என்றார். முடிவு வெளிவரும்வரை காத்திருக்கலாமே என்று நான் சொன்னேன். அவருக்கு அதில் உடன்பாடில்லை. மாதக்கணக்கில் அந்தப் பெண் ஒரு பொய்யான எதிர்பார்ப்பைச் சுமந்து தகப்பனின் முகத்தில் விழிக்கவேண்டியிருக்கும், அது கூடாது என்றார்.

மறுநாள் இருவரும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கையில் அவர் ஒரு வரைதாளும் வண்ணக்குப்பிகளும் கொண்டுவந்திருந்தார். நான் கொண்டுவந்தது சொற்பொருள். இரவெல்லாம் எண்ணி, கரை என்னும் சொல்லுக்குள்ள பொருள்கள் யாவை, அவற்றுள் எது முதற்பொருள், எது வழிப்பொருள், ஆகவே மாணவியின் விடை எவ்வாறு பிழையாகாது என்று ஒரு வழக்குரைஞரைப்போல் ஆயத்தமாகியிருந்தேன். நடையிலேயே அவரிடம் அதை ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். அவர் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, கைகூப்பாத குறையாகச் சொன்னார்: "ஐயா, கோச்சிக்காதீங்க. அங்க வந்து அர்த்தம் மட்டும் சொல்லாதீங்க." எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆயினும் ஒப்புக்கொண்டேன்.

புளி உலுக்கும் காலம் அது. வாசலில் புளியம்பழம் குவிந்திருக்க, தந்தை ஓடு தட்டிக்கொண்டிருந்தார். தாய் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார்கள். ஓவிய ஆசிரியை சுற்றி வளைக்கவில்லை. நேற்றைய தாளில் அவள் தேறமாட்டாள் என்றார். எதனால் என்பதையும் சொன்னார்.

தந்தையின் கை நின்றது. "பாசாவாதுன்னு சொல்றதுக்கா மல ஏறி வந்தீங்க?"

"ஆமாண்ணா. தப்பு என்னுதுன்னு சொல்லவும் வந்தேன். வருசம் பூரா பார்டர் பார்டர்னே சொல்லிக்குடுத்துட்டேன். கரைங்கற பேச்சு ஒரு வாட்டி கூட என் வாயில வரல. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அது கேட்டதத்தான் போட்டுருக்குது."

அவர் மீண்டும் புளி தட்டத் தொடங்கினார். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் தம் சொல்லின் பக்கமே நின்றார். வெளியில் இருப்பவர்கள் சொல்லட்டும் என்று கேட்டது தாம்தான். அவர்கள் இப்படித்தான் சொல்லப்போகிறார்கள் என்றால் பேச்சு அவ்வளவுதான். இதில் மாற்றிப் பேச என்ன இருக்கிறது என்றார். என் நாவில் முதற்பொருளும் வழிப்பொருளும் துடித்தன. ஓவிய ஆசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். அடங்கினேன். அவர் கெஞ்சவும் இல்லை, வாதாடவும் இல்லை. நேற்று உங்கள் மகள் என்ன வரைந்தாள் என்பதை நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும், அதற்குமேல் உங்கள் விருப்பம் என்று மட்டும் சொல்லி, பெண்ணை அழைத்து, தாளை மண்தரையில் விரித்து நான்கு மூலைக்கும் நான்கு புளியங்குவியலைப் பாரமாக வைத்தார்.

அவள் வரைந்தாள். தாய் கொட்டை எடுப்பதை விட்டுவிட்டு, சோற்றுத்தட்டில் வண்ணம் குழைத்து நீட்டிக்கொண்டிருந்தார். வெயில் கூரையின் நிழலை இழுத்துக்கொண்டே போனது. தந்தை எழுந்து மாட்டைக் கட்டிவிட்டு வந்தார், தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நேராகப் பார்க்காமல் சாய்வாகப் பார்த்துவிட்டுப் போனார். முடிந்ததும் ஆசிரியை அவரைக் கூப்பிட்டார். குந்தி அமர்ந்து பார்த்தார். நீண்ட செவ்வகத்துக்குள் ஓடை. பாறை, சாய்ந்த நீர்மருது, பூத்த புங்கு, மறுபடி பாறை, மறுபடி மரம். இடையே ஓர் ஓலைக்கூரை. பார்க்கப் பார்க்க அவர் விரல் தானாகவே நீண்டு ஒவ்வொன்றையும் தொடாமல் தொட்டது. இதை அவர் கோலம் என்று சொல்லவில்லை.

"இது நம்ம ஓடதான்" என்றார். பிறகு அவர் புருவம் சுருங்கியது. "தண்ணி சோத்துக்கை பக்கமா இல்ல போவும்? பீச்சாங்கை பக்கம் உட்டுருக்கிற."

"இங்கிருந்து பாத்தா நம்ம வூடு தெரியாதுப்பா. அதான் அக்கரையில நின்னுக்கினு பாத்தா எப்டி இருக்கும்னு போட்டேன்."

"அங்க போய்ப் பாத்தியா?"

"இல்லப்பா. பரீச்ச ஹால்ல உக்காந்துக்கினே திருப்பிப் பாத்தேன்."

அவர் எழுந்தார். ஈரம் முழுதும் ஆறாத அந்தத் தாளை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு வீட்டின் பின்புறம் சரிவில் இறங்கினார். நாங்கள் பின்தொடர்ந்து விளிம்பில் நின்றோம். மாசிமாத ஓடை, கணுக்கால் அளவே நீர். கற்களில் கால்வைத்து, தாள் நனையாமல் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக் கடந்து, அக்கரை ஏறி, திரும்பி நின்றார். தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இரண்டடி விலகி நின்று பார்த்தார். தம் வீட்டை, தம் மரங்களை, அங்கே வரிசையாக நின்ற மனைவியையும் மகளையும் எங்களையும், யாரோ ஓர் ஊரார் வழியில் நின்று பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தாவணி முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஈரக்காலோடு திரும்பி ஏறிவந்தவர், "எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்குது" என்றார். சற்று நிறுத்தி, "புங்கமரம் ஒண்ணு கூட வெச்சிருக்கிற" என்றார்.

"அந்த எடம் காலியா இருந்துச்சிப்பா. ஒரு மரம் இருந்தா வரிசையா வரும்னு..." என்று அவள் தயங்கினாள்.

ஓவிய ஆசிரியை அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரிக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணா, அந்த ஒரு மரத்தைத்தான் நான் வருசம் பூரா சொல்லிக்குடுத்தேன்" என்றார். தந்தை மரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, இயல்பான குரலில், "பெரியவளுக்குப் போனு போட்டுச் சொல்லிடு, இவளுக்கு அங்க எடம் பாக்க வேணாம்னு" என்று சொல்லிவிட்டு, தாளை நிழலில் உலர வைக்கப் போனார்.

வாழ்நாளெல்லாம் செய்யுளுக்கு உரை சொன்ன எனக்கு, உரை சொல்லாமல் வாய்மூடி நின்ற அந்த ஒரு பிற்பகல் கிடைத்தது ஓவிய ஆசிரியையால். நான் பேசியிருந்தால் அந்த மனிதர் மரியாதைக்காகக் கேட்டு, மரியாதையாகவே மறுத்திருப்பார். ஒருவர் தம் கண்ணைத் தாமே நம்புவதற்குப் பிறர் செய்யத்தக்க உதவி, பார்க்கும்படி விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதே என்பதை அந்த ஆசிரியை எவ்வாறு அறிந்திருந்தாரோ, நான் அறியேன். பிறர் பிழையை இறைவன் பொறுப்பான் என்று நாள்தோறும் பாடுகிறவன் நான். தம் வாயில் வராத ஒரு சொல்லுக்காக, பாரம் பிறர்மேல் விழாமல், விடுமுறை நாளில் மலையேறி வந்து நின்றவர் அவர்.

தேர்வு முடிவு வந்தபோது அந்தப் பெண் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்; பாடங்களும் தொடங்கிவிட்டன. எதிர்பார்த்தபடியே வடிவமைப்புத் தாளில் அவள் தேறவில்லை. முடிவைச் சொல்லத் தயங்கித் தயங்கி அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். எந்தத் தேர்வு என்று அவர் கேட்டார். நினைவூட்டியதும், "அதுவா, அடுத்த வாட்டி எழுதிக்கட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு, மழை எப்போது வரும் என்று என்னை விசாரித்தார். அடுத்த முறை எழுதினாள், தேறினாள். இன்று கவின்கலைக் கல்லூரிப் படிப்பை முடித்து, துணிகளுக்கு அணிகள் வடிவமைக்கும் பணியில் இருக்கிறாள். சென்ற பொங்கலுக்குத் தந்தைக்கு அவள் எடுத்தனுப்பிய வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் ஒடுகத்தூர்ச் சந்தைக்கு வந்திருந்தார். வழியில் என்னைக் கண்டதும் வேட்டி நுனியைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, இதில் அவள் கைவரிசை எது, ஆலைக்காரர்கள் சேர்த்தது எது என்று எனக்குப் பகுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் இரண்டு வேறுபாடுகள் எனக்குப் புலப்படவே இல்லை. அவருக்கு ஐயமில்லாமல் தெரிந்தது.

ஓவிய ஆசிரியை இன்றும் அதே மலைப் பள்ளிக்குத்தான் செல்கிறார்; பகுதிநேரமாகவேதான். நான் ஓய்வுபெற்ற நாளில் பலரும் பேசினார்கள். அவர் பேசவில்லை. ஒரு சிறு தாளில் என் இரு கைகளையும், கைகளை மட்டும், செய்யுள் விளக்கும்போது காற்றில் அவை செய்யும் அபிநயத்தோடு வரைந்து கொடுத்தார். நான் பேசியதெல்லாம் அவருக்கு இப்படித்தான் கேட்டிருக்கிறது என்று மகிழ்ந்தேன். இதை எழுதிவருவதாக நேற்று அவரிடம் சொன்னேன். பெயர் வேண்டாம் என்றார்; அந்தப் பெண்ணின் தந்தையைப் பற்றி நன்றாக எழுதுங்கள், அன்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தானே என்றார்.

ஆடல்வல்லான் திருவருளால் இதனைப் படிக்கும் நீங்கள் யாவரும் கண்ணொளி குன்றாமல், கைத்திறம் தளராமல், மெய்ந்நலத்தோடு வாழ்க. உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் வரைந்து நீட்டுவதை நின்று பார்க்கும் பொழுது உங்களுக்கு வாய்க்க. வானம் வழங்க, ஊர்கள் செழிக்க, கற்பிப்போரும் கற்போரும் என்றும் இனிது வாழ்க.